மச்சானுக்கு எந்தப் பிஸ்டல்?

இன்னைக்கு தெஹியோவிட்ட பஸ்ஸுல போகும்போது, அமெரிக்காவுல இருக்குற மச்சான் துவக்குக் கடையில நின்னு வீடியோ கோல் எடுத்து, ரெண்டு பிஸ்டலைக் காட்டினான்.

"நீளமானது போட்டியில சுட நல்லது மச்சான். சின்னதை சட்டைக்குள்ள மறைச்சுக்கலாம். எதை வாங்கட்டும்?"

பக்கத்து சீட்டுல இருந்த சிங்கள நோனா, போன்ல துவக்கைப் பாத்துட்டு எழும்பி முன்னால போயிட்டாங்க.

"மறைச்சு வச்சா காட்டுப்பன்னி எப்புடிடா பயப்படும்?"ன்னு கேட்டேன்.

"பன்னிக்கு இல்ல. ராவுல வேலை முடிஞ்சு வரப் பயமா இருக்கு."

எனக்கு ஒண்ணுமே விளங்கல. எங்க தோட்டத்துல காவல் பாக்குற வாச்சர் தோட்டாவே இல்லாத துவக்கைத் தோள்ல போட்டு, எல்லாருக்கும் காட்டிக்கிட்டுதான் ரப்பர் மலையைச் சுத்துவாரு. பன்னியும் வராது, கள்ளனும் வரமாட்டான்.

அதனால, "பெருசையே வாங்கி வெளியில தெரியுற மாதிரி வச்சுக்கடா"ன்னு சொல்லிட்டேன்.

தோட்டா வாங்காதேன்னு சொல்ல மறந்துட்டேன். திரும்ப கோல் எடுத்துச் சொல்லவா, வேணாமா?