சூடம் அடிக்காத வேட்பாளர்

எங்கள் தெருவில் வார்டு உறுப்பினருக்கு நிற்கிறவர்கள் மனுத்தாக்கலுக்கு முன் சுடலைமாடன் பீடத்தில் சூடம் அடிக்க வேண்டும். எந்தச் சட்டத்திலும் இல்லாத விதி. பீடத்துப் படியில் சூடத்தைக் கொளுத்தி, "ரோட்டு வேலையிலயோ குழாய் வேலையிலயோ கமிஷன் தொட மாட்டேன்" என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். வாக்குத் தவறினால் மாடன் கேட்பான்.

போன உள்ளாட்சித் தேர்தலில் நான் நிற்பதாக ஆயிற்று. ஆறு கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது. குடிநீர்க் குழாய் மட்டும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. எங்கள் தெருப் பெண்கள் குடத்தோடு அடுத்த தெருவில் போய்க் காத்துக் கிடந்தார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். பாளையங்கோட்டையில் பட்டமும் வாங்கியிருந்தேன். "ஆபீசுல போயி நின்னு பேசத் தெரிஞ்சவன் நீதாம்லே" என்று தெருவே பிடித்துத் தள்ளியது.

நிற்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. சாமி நம்பிக்கைதான் இல்லை. அது எப்போது நின்றது என்று சொல்லத் தெரியவில்லை. சாமி மேல் கோபமும் கிடையாது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு மேளம் அடித்தால் இன்றும் எனக்குக் கால் தரையில் நிற்காது. கும்பிடும்போது மட்டும் எதிரே யாரும் இருப்பதாகத் தோன்றாது. இதை அம்மாவிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

"ரெண்டு நிமிசச் சோலிதாம்லே, அடிச்சிட்டு வந்துரு. நம்பாதவனச் சூடம் சுடவா போகுது?" என்றான் சின்ன வயதிலிருந்து கூடத் திரிகிற என் சேக்காளி.

"நான் நம்புதனா இல்லியான்னு சூடத்துக்குத் தெரியுமாலே?" என்றேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அது வெறும் சூடம்தான். பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கோ அது நான் கொடுக்கிற வாக்கு. அது செல்லாத வாக்கு என்று எனக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை மதிய பூசைக்குத் தெரு கூடியது. என்னை எதிர்த்து நின்றவர், ஏற்கெனவே உறுப்பினராக இருந்த அண்ணாச்சி. அவர் முதலில் பளீரென்று அடித்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். எங்கள் பெரியப்பாதான் மாடனுக்குச் சாமியாடி. அவர் எனக்குப் புதுச் சூடம் கொளுத்தி வைத்தார்.

"பெரியப்பா, நான் அடிக்கல."

"ஏம்லே, கை சுட்டுரும்னு பயமா?"

கூட்டம் சிரித்து அடங்கும்வரை நின்றேன். "எனக்கு மாடன் மேல நம்பிக்கை இல்ல பெரியப்பா. நம்பாம அடிச்சா ஒங்க எல்லாரையும் ஏமாத்துன மாதிரி. கமிஷன் வாங்க மாட்டேன்னு ஒங்க மொகத்தப் பாத்துச் சொல்லுதேன். அதான் என்னால முடியும்."

பெண்கள் பக்கம் நின்ற அம்மாவைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அண்ணாச்சி விடவில்லை. "சாமிக்கே பயப்படாதவன் வேற யாருக்கு வே பயப்படுவான்? நாளைக்குத் தப்புப் பண்ணினா இவன யாரு கேக்க?"

நியாயமான கேள்வி. அதற்கென்று நான் யோசித்து வைத்திருந்த அரசியல் சட்டப் பேச்சு அந்த இடத்துக்குப் பொருந்தாது என்று பட்டது. "நீங்கதான் கேக்கணும் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன்.

"அப்பம் அவன் அம்மை அடிக்கட்டும். அவ நம்புதால்லா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அது சரிதான் என்று பலரும் தலையாட்டினார்கள். அம்மா முன்னால் வந்தாள். நான் குறுக்கே போய் நின்றேன்.

"அம்மை அடிக்க வேண்டாம். நாளைக்கு வீட்டுல ஒரு காய்ச்சல் வந்தாலும் மாடன் கேக்குதான்னு பயந்தே செத்துருவா. அதுக்கு நான் தேர்தல்ல நிக்காமலே இருந்துக்கிடுதேன்."

"பைய வெலகுலே" என்று அம்மா என் தோளைத் தள்ளினாள். சூடத்தின் பக்கம் போகவில்லை. அண்ணாச்சியின் எதிரே போய் நின்றாள். "ஓட்டுப் போயிரும்னு தெரிஞ்சும் ஒரு பொய்ச் சூடம் அடிக்க இவனுக்குக் கை வரல. நாளைக்குப் பொய் பில்லுல கையெழுத்துப் போடச் சொன்னா மட்டும் வந்துருமா அண்ணாச்சி?"

அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஏலே கூறுகெட்டவனே, நம்பலன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்லா? வெள்ளிக்கிழமதோறும் ஒன்னக் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேனே!"

பெண்கள் பக்கம் குபீரென்று சிரிப்பு எழுந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. கண்ணிலும் நீர் முட்டியது. இத்தனை வருடம் நான் பயந்த பேச்சு இவ்வளவுதானா?

பேச்சுவாக்கில் சூடம் எரிந்து தீர்ந்துபோயிருந்தது. பெரியப்பா கருத்த படியை ஒரு நிமிடம் பார்த்தார். "மாடனுக்கும் இவனுக்கும் உள்ளத மாடன் பாத்துக்கிடட்டும். நமக்குத் தண்ணி வரணும். ஆகவேண்டியதப் பாருங்க" என்று திருநீற்றுத் தட்டை எடுத்தார். எல்லோருக்கும் பூசிக்கொண்டு வந்தவர் என் முன்னால் மட்டும் தயங்கினார்.

"பூசட்டாலே?"

"பூசுங்க பெரியப்பா."

கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில்தான் ஜெயித்தேன். பதவியேற்பு நாளில் ஊராட்சி அலுவலகத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். என் முறை வந்ததும் அதிகாரி தலையைத் தூக்காமலே கேட்டார்: "கடவுள் பேர்லயா தம்பி, உளமாரவா?" டீக்கடையில் டீயா காப்பியா என்று கேட்கிற தோரணை.

"உளமார" என்றேன். அந்தத் தாளை எடுத்து நீட்டினார். வாசித்து முடித்தேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

முன்வரிசையில் புதுச்சேலையோடு உட்கார்ந்திருந்த அம்மா வெளியே வந்ததும் கேட்டாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

"இதுக்காலே அன்னைக்கு அந்த முழி முழிச்சே?" என்றபடி பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.