முப்பத்தைந்து பற்கள்

ரொறன்ரோவுக்கு வெளியே நான் வேலை செய்யும் கராஜுக்குச் சென்ற வாரம் ஒரு பொலிஸ்காரர் தன்னுடைய பழைய டர்போ காரைக் கொண்டுவந்தார். கடமை முடிந்து நேரே வந்திருந்தார். சீருடையும் இடுப்பில் துப்பாக்கியும் அப்படியே இருந்தன. இஞ்சினுக்குப் பக்கத்தில் என் லப்டொப், அதிலிருந்து ஓடும் பத்துப் பதினைந்து வயர்கள், மூடி கழற்றிய ஒரு சர்க்கிட் போர்ட். சுவரிலிருந்த வெள்ளைப் பலகையில் என் முதலாளி பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்: டிரிகர் கோளாறு, டைமிங் பார்க்கவும், நாலாயிரத்து ஐந்நூறில் டெட்டனேஷன். பொலிஸ்காரர் அதை முழுவதும் வாசித்தார். கோப்பியை ஒரு மிடறு குடித்துவிட்டு, "இஞ்சின் தப்புமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு என் கைகளைப் பார்த்தார். இரண்டையும் கக்கத்துக்குள் இறுக்கிவைத்திருந்தேன். "உங்களுக்கு இந்தக் குளிர் இன்னும் பழகவில்லை போல" என்று சிரித்தபடி போய் ஹீட்டரைக் கூட்டிவிட்டார். நான் நன்றி சொன்னேன். பதினோரு வருடமாக இந்தக் குளிரில் இருக்கிறேன். குளிருக்காக நான் கையை அப்படி வைத்ததே இல்லை.

பலகையிலிருந்த சொற்கள் இந்த வேலை தெரியாதவர்களை மிரட்டக்கூடியவை. வெடிகுண்டு செய்கிறவர்களும் இதே சொற்களைத்தான் பாவிப்பார்கள். விஷயம் சின்னது. காரின் கம்ப்யூட்டர் சரியான கணத்தில் தீப்பொறி கொடுக்க வேண்டும். அதற்கு இஞ்சின் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது அதற்குத் தெரிய வேண்டும். சுழலும் அச்சில் ஒரு பற்சக்கரம். முப்பத்தாறு பல் வெட்டி, ஒன்றை எடுத்துவிடுவோம். பக்கத்திலிருக்கும் சென்சர் கடந்துபோகும் பற்களை எண்ணும். இடைவெளி வந்தால் சுற்று அங்கே தொடங்குகிறது என்று கம்ப்யூட்டர் அறிந்துகொள்ளும். இந்தச் சமிக்ஞைதான் டிரிகர். இதில் சில பாகை பிசகினாலும் தீ முந்திப் பிடித்து, எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் வெடிக்கும். தகரப் பேணிக்குள் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம் கேட்கும். அதுதான் டெட்டனேஷன். டர்போ காற்றை அழுத்தி ஊதுகிற இஞ்சினில் அந்தச் சத்தத்தைக் கவனிக்காமல் விட்டால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும்.

இதையெல்லாம் நான் படித்தது கொழும்பு கிராண்ட்பாஸில், ரஸீன் நானாவின் கராஜில். முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில், வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்டின் அழைப்புக்காகக் காத்திருந்த பலரில் நானும் ஒருவன். கொஞ்சம் எலக்ட்ரோனிக்ஸ் படித்திருந்ததால் நானா என்னைச் சேர்த்துக்கொண்டார். அங்கே என்னோடு வேலை செய்தவன் மோகன். மலைநாட்டில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் இருந்தான். இருவருக்கும் இருபத்துநாலு வயது. அவனுக்கு ஆங்கிலம் எழுத வராது. எனக்கு இஞ்சினைக் கேட்கத் தெரியாது. அவன் இஞ்சினில் ஒரு செப்புக் குழாயைப் பூட்டி, அதிலிருந்து ஒரு இறப்பர் குழாயை உள்ளே இழுத்து இடது காதில் செருகிக்கொள்வான். பேலியகொடைப் பக்கத்து நேர் வீதியில் நான் காரை ஓட்ட, "இப்ப. இப்ப. விட்ரு!" என்று கத்துவான். நான் காலை எடுப்பேன். பிறகு அந்த வேகத்தை என் நோட்டுக் கொப்பியில் குறிப்பேன்.

அந்த வருடம் எங்களிடம் வந்த கார், பந்தயம் ஓடும் ஒரு சிங்களக் கனவானுடையது; மாத்தையா என்போம். எண்பதுகளில் ஜப்பானில் செய்தது. அதன் சென்சர் சூட்டில் பழுதாகி, புதிது கிடைக்கவில்லை. நாங்களே செய்வதென்று தீர்மானித்தோம். மோகன் ஓர் இரும்புத் தட்டில் வாளாலும் அரத்தாலும் முப்பத்தாறு பற்களைச் செதுக்கி, ஒன்றை வெட்டி எறிந்தான். வேறொரு காரின் காந்த சென்சரை நான் பொருத்தினேன். கார் உடனே ஸ்டார்ட் ஆனது. ஆனால் வேகம் கூடக் கூட டைமிங் நகர்ந்தது. "கம்ப்யூட்டர்ல நீ சொல்றது ஒன்னு, இஞ்சின் செய்யிறது ஒன்னு" என்றான் மோகன். "உன்ர பல்லுத்தான் பிழை" என்றேன் நான். "என் பல்லு சரி. நீ வேணும்னா அளந்து பாரு." அளந்தேன். பிழை பிடிபடவில்லை. மூன்று வாரம் கொப்பி நிறைய எழுதினேன், ஆங்கிலத்தில்: டிரிகர், டைமிங், டிலே, டெட்டனேஷன். கூடவே சர்க்கிட் படங்கள்.

அப்போது நகரில் ஒரு குண்டு வெடித்தது. தமிழ்ப் பொடியன்களைத் தேடிப் பொலிஸார் லொட்ஜுகளைச் சுற்றிவளைத்தார்கள். நான் நாலு நாள் வெளியே இறங்கவில்லை. சும்மா இருக்க முடியாமல் கராஜுக்குப் போன் எடுத்து, கொப்பி இருந்தால் பிழையைக் கண்டுபிடிப்பேன் என்று சொன்னேன். "நானே கொண்டாறேன்" என்றான் மோகன். "வேண்டாம், செக் பண்ணுவாங்கள்" என்றேன். "எனக்கு என்னா, நான் தோட்டத்து ஆளுதானே, யாழ்ப்பாணத்து ஆளு இல்லையே." நான் இரண்டாம் தடவை வேண்டாம் என்று சொல்லவில்லை. கொப்பியையும் சர்க்கிட் போர்ட்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். காலி நகருக்குப் போகும் வீதியில், வெள்ளவத்தைக்கு இரண்டு பஸ் ஹோல்ட் முன்னால், பொலிஸார் அவனை இறக்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை ரஸீன் நானா லொட்ஜுக்கே வந்தார்.

"தம்பி, அந்தக் கொப்பி ஒங்கடதானே?"

"ஓம் நானா."

"நான் ஸ்டேஷனுக்குப் போய், இது காருட வேலை எண்டு சிங்களத்தில எல்லாம் சொன்னேன். டெட்டனேஷன் எண்டா என்னண்டு எங்களுக்குத் தெரியாதாண்டு கேக்கிறாங்க. நீங்க வந்து படத்தக் காட்டி வெளங்கப்படுத்தினா, சிலநேரம் விட்டுருவாங்க. நானும் வாறேன். மாத்தையாவையும் கூட்டிக்கிட்டு வாறேன்."

ஏஜென்ட் திகதி சொல்லியிருந்தான்; என் கனடாப் பயணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. "நாளைக்கு வாறன் நானா" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "சரி தம்பி" என்று எழுந்து போனார். பிறகு அவர் வரவில்லை. அன்று பின்னேரமே நான் ஹெவ்லொக் டவுனில் ஓர் உறவினர் வீட்டுக்கு மாறிவிட்டேன். ஒன்பதாம் நாள் விமானம் ஏறினேன்.

போயிருந்தால் உள்ளே இரண்டு பேராக இருந்திருப்பீர்கள் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கலாம். நானாவும் மாத்தையாவும் பக்கத்தில் நிற்க, அந்தப் படத்தை நான் விளக்கியிருந்தால் விட்டிருக்கவும் கூடும். எது உண்மை என்று எனக்கு இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை.

கனடாவில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அந்தப் பிழை என் கண்ணில் பட்டது. காந்த சென்சரின் இரண்டு வயர்களையும் மாற்றிப் பூட்டினால், வேகத்தோடு டைமிங் நகரும். பூட்டியது நான்தான். பக்கத்திலிருந்தவன் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, அங்கே நின்ற ஒரு காரின் வயர்களை மாற்றிப் பூட்டினான். இரண்டு நிமிட வேலை. நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பிறகு பலமுறை நானாவின் கராஜுக்குப் போன் எடுத்தேன். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியதும் வைத்துவிடுவேன்.

போன வருடம், கனேடிய பாஸ்போர்ட் கிடைத்த பிறகு, கொழும்புக்குப் போனேன். யுத்தம் திரும்பவும் மூண்டிருந்தது. மோகன் அதே கராஜில் இருந்தான். ஒரு வாளி பெற்றோலில் பழைய சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து, தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினான்.

"இந்தப் பக்கம் பேசு சிவா. இடது காது போயிருச்சு."

பதினாலு மாதம் வைத்திருந்துவிட்டு, வழக்கு எதுவுமில்லாமல் விட்டிருக்கிறார்கள்.

"கொப்பியில இருக்கிறத எழுதிக் காட்டச் சொன்னாங்க. எனக்கு வராதே. அப்ப எழுதினது யாருன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னாய்?"

"கராஜ் வாசல்ல கெடந்துச்சுன்னு சொன்னேன். எத்தன தடவ கேட்டாலும் அதையேதான் சொன்னேன்."

மன்னிப்புக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். என் வாயில் வந்தது வேறு. இரண்டு வயர்களைப் பற்றிச் சொன்னேன். அவன் கையிலிருந்த பிரஷை வாளியின் விளிம்பில் வைத்துவிட்டு யோசித்தான்.

"அப்பன்னா பல்லு சரியாத்தான் இருந்திருக்கு."

"ஓம். பல்லு சரி."

"நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்று சிரித்தான். உண்மையாகவே சந்தோஷப்பட்டான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"வீட்டுக்கு எப்ப போறே?" என்று கேட்டான். நானும் திகதியைச் சொன்னேன். அவன் வீடு என்றது கனடாவை என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

பஸ் ஏற்றிவிடக் கூடவே வந்தான். சந்தியில் தடுப்புப் போட்டிருந்தார்கள். சிப்பாய் என் பாஸ்போர்ட்டின் அட்டையைப் பார்த்ததும் திறக்காமலே திருப்பித் தந்து, தடுப்பைத் தாண்டிப் போகும்படி கையைக் காட்டினான். மோகனின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அவனை ஓரமாக நிற்கச் சொன்னான். நான் ஏழெட்டு அடி போய்விட்டேன். கால்கள் தாமாகவே போய்விட்டன. நின்று திரும்பி, "மகே யாளுவா" என்றேன், என் நண்பன் என்று. என் சிங்களத்துக்கு அவன் ஆங்கிலத்தில் பதில் சொன்னான்.

"யூ கோ, சேர். நோ ப்ரொப்ளம்."

மோகன் சிப்பாயின் கேள்விகள் வலது காதில் விழுவதற்காகத் தலையைச் சரித்து நின்றபடி, போ, போ என்று எனக்குக் கையைக் காட்டினான். வெள்ளவத்தை பஸ் வந்து நின்று, கொண்டக்டர் கூப்பிட்டு, போயும்விட்டது. நான் தடுப்பை நோக்கி நடந்தேன். சிப்பாய் மிக மரியாதையாகக் குறுக்கே கையை நீட்டினான்.

"திஸ் சைட் நொட் ஃபோர் யூ, சேர்" என்றான்.