பர் துபாயில் வரைந்த கோணல் சர்ச்

நேரில் பார்க்காத கட்டடத்தைக் கல் கல்லாக வரைந்து கொடுப்பதும் ஒரு தொழில்தான். அதில் கட்டடம் நம்மோடு சண்டைக்கு வராது, பக்கத்து நாற்காலிக்காரர்கள்தான் வருவார்கள்.

கட்டடக்கலை படித்து, கடைசி வருஷப் பயிற்சி என்ற பெயரில் ஏதாவது ஓர் ஆபீஸில் மாட்டிக்கொண்ட என் சக பாவப்பட்டவர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? நான் மாட்டியது துபாயில், மீனா பஜார் பக்கம், ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன டிராஃப்டிங் ஆபீஸில். தினமும் ஷார்ஜா டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து போய்ச் சேருவேன். வில்லா, கடை, ஃபால்ஸ் சீலிங் என்று வரைந்துகொண்டிருந்த அவர்களுக்கு எங்கிருந்தோ ஓர் இங்கிலாந்து வேலை வந்திருந்தது: பல நூறு வருஷத்துக் கிராமத்து சர்ச். அங்கே லேசர் கருவியை வைத்து உள்ளும் புறமும் ஸ்கேன் எடுத்து அனுப்பியிருந்தார்கள். எங்கள் திரையில் அந்த சர்ச் கோடிக்கணக்கான புள்ளிகளாக மிதக்கும். புள்ளிகள் மேல் கோடு போட்டு வரைபடமாக்க வேண்டியது எங்கள் பாடு.

எங்கள் என்றால் மூன்று பேர். ஆபீஸை நடத்துகிற முருகேசன் சார், கோபிச்செட்டிபாளையத்துக்காரர், வளைகுடாவில் இருபது வருஷமாகக் கட்டடம் வரைபவர். சிவநேசன் அண்ணா, யாழ்ப்பாணம், கையை மவுஸிலிருந்து எடுக்காமலே சாப்பிடக்கூடியவர். அப்புறம் நான். பயிற்சி முடிவில் சார் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். அதில் ஒரு கேள்வி: "மேற்பார்வையாளரின் சொல்படி நடந்தாரா?" அதற்கு 'இல்லை' என்று விழுந்தால் காலேஜில் துறைக் குழு விசாரிக்கும். குழுவுக்குத் திருப்தியில்லை என்றால் பட்டம் இந்த வருஷம் கிடையாது. அடுத்த கோடையில் மறுபடி பயிற்சி. சொல்படி நடப்பது எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டும் வராத கலை என்று அம்மா வீட்டில் இப்போதே கவலைப்பட ஆரம்பித்திருந்தாள்.

எல்லாம் தொண்ணூறு டிகிரி

முதல் நாளே ஆரம்பித்தது. சர்ச் என்பது இரண்டு பெட்டிகளை ஒட்டிவைத்த மாதிரி. மக்கள் உட்காருகிற நீண்ட கூடம் ஒன்று. அதற்குக் கிழக்கே, பலிபீடம் இருக்கிற சின்ன அறை ஒன்று. நம் ஊர்க் கணக்கில் மகாமண்டபமும் மூலஸ்தானமும். எங்கள் சர்ச்சில் இந்த இரண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை. பீட அறை வடக்கே லேசாகத் திரும்பி, யாரோ கூப்பிட்டதைக் கேட்டுத் தலையைத் திருப்பின மாதிரி நிற்கும்.

சார் வந்து பார்த்தார். குனிந்து என் கீபோர்டில் எஃப் எட்டைத் தட்டினார். அதைத் தட்டினால் கோடெல்லாம் நேராகத்தான் விழும், நாமே நினைத்தாலும் கோணலாகப் போட முடியாது. வளைகுடா டிராஃப்ட்ஸ்மேன்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி, கை தானாகப் போகும். நான் மறுபடி தட்டி அணைத்தேன். கூடம் ஒரு காலத்திலும் பீட அறை வேறொரு காலத்திலும் கட்டியிருக்கலாம், பழைய அறையில் பூஜை நிற்காமல் வெளியே சுற்றிலும் புதுச் சுவர் எழுப்பியிருக்கலாம், அப்போது கயிறு பிடித்தவன் கண்ணால் பார்த்துத் திசை பிடித்திருக்கலாம் என்று மூச்சு விடாமல் சொன்னேன். இயேசு சிலுவையில் தலை சாய்த்த நினைவாகத்தான் அப்படிக் கட்டினார்கள் என்றுகூடச் சிலர் சொல்வார்கள், ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை என்று அந்தத் தரப்பையும் நானே மறுத்தேன்.

சார் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அம்மிணி, இதெல்லாம் இங்க முனிசிபாலிட்டிக்குக் கொண்டுபோனா அப்ரூவல் ஆகுமா, ஆகாதா? அத மட்டும் சொல்லு."

பாதி வரைந்தால் போதும்

கூடத்துக்கு இரண்டு பக்கமும் தூண் வரிசை. சிவநேசன் அண்ணா வடக்கு வரிசையை அரை நாளில் அழகாக வரைந்து முடித்தார். குண்டுத் தூண்கள், மேலே அரைவட்ட வளைவுகள். பிறகு 'மிரர்' கொடுத்தார். தெற்கு வரிசையும் தயார். இரட்டை வில்லா வரைகிறவர்களுக்கு ஒரு பக்கம் வரைந்தால் மறு பக்கம் இலவசம்.

"அண்ணா, தெற்குப் பக்கம் புள்ளிகளைப் பாத்தீங்களா? தூண் ஒல்லி, வளைவு கூர்மை. இது நூறு வருஷம் கழிச்சுக் கட்டினது!" என்று பாய்ந்தேன். ஊரில் கூட்டம் பெருகினால் ஒரு பக்கச் சுவரைத் திறந்து வளைவு வைத்து விரிப்பார்கள். அடுத்த தலைமுறை மறு பக்கத்தைத் திறக்கும். அதற்குள் மோஸ்தர் மாறியிருக்கும். வடக்கு ஒரு காலம், தெற்கு ஒரு காலம். இந்த வித்தியாசம்தான் சர்ச்சின் வாழ்க்கை வரலாறு, அதைப் போய் மிரர் பண்ணி அழிக்கலாமா என்று குரல் உயர்ந்துவிட்டது.

அண்ணா கோபிக்கவில்லை. தெற்கு வரிசையை அழித்து, புதிதாக ஆரம்பித்துக்கொண்டே கேட்டார்: "எங்கட வீட்டிலயும் அப்பா கட்டின பக்கம் ஒரு மாதிரி, கனடாவில இருந்து தம்பி கட்டுவிச்ச பக்கம் இன்னொரு மாதிரி. அப்ப அதுவும் ஹெரிட்டேஜ்தானே, தங்கச்சி?"

சுவருக்குள் ஒரு தொட்டி

பீட அறையின் தெற்குச் சுவரில் ஒரு சின்ன மாடம், அதன் அடியில் கிண்ணம் போல ஒரு குழி, குழிக்கு நடுவே ஓட்டை. அண்ணா அதை வாஷ் பேசின் என்று குறித்து, பக்கத்தில் குழாயும் கீழே டிரெயினேஜ் லைனும் போட்டு வைத்திருந்தார். எனக்கு நல்ல சந்தர்ப்பம். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு விளக்க உட்கார்ந்தேன். பூஜைப் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கண்ட இடத்தில் கொட்டக்கூடாது, அது புனிதமானது, அதனால் சுவருக்குள்ளேயே வழி வைத்து ஆலயத்து மண்ணிலேயே சேர்ப்பார்கள், இதற்குக் குழாயே கிடையாது, இதன் வேலைப்பாட்டை வைத்து அறையின் காலத்தைக்கூட ஊகிக்கலாம்... பத்து நிமிஷம் ஓடியிருக்கும்.

அண்ணா குழாயை அழித்தார். "அபிஷேகத் தண்ணி கோமுகியால போறமாதிரித்தானே? அதுக்கேன் தங்கச்சி இவ்வளவு பிரசங்கம்?"

எங்கும் போகாத படிக்கட்டு

ஒருநாள் காலையில் பார்த்தால் நான் வரைந்த ஒரு படிக்கட்டைக் காணோம். சுவரின் பருமனுக்குள்ளேயே சுழன்று ஏறி, பாதி உயரத்தில் ஒரு வாசலில் முடிகிற படிக்கட்டு அது. வாசலுக்கு அப்பால் தரை இல்லை, வெறும் காற்று. சார் அதை ஸ்கேன் கோளாறு என்று முடிவு செய்து அழித்திருந்தார். "படின்னா எங்கயாச்சும் போகோணும் அம்மிணி. கைப்பிடியும் இல்ல. எவனாச்சும் உழுந்தா?"

முன்பு அங்கே, கூடத்துக்கும் பீட அறைக்கும் நடுவில், ஒரு மரத் தடுப்பும் அதன் மேல் ஒரு பரணும் இருந்தன, பரணில் பெரிய சிலுவை நின்றது, விளக்கேற்ற ஏறிப்போகத்தான் இந்தப் படி, பிறகு மதம் மாறிய அரசாங்கம் பரணை இடிக்கச் சொன்னது, இடித்தார்கள், படி மட்டும் தப்பியது என்றேன். இன்று அந்தப் பரணுக்கு மிஞ்சிய ஒரே சாட்சி இதுதான், இதை அழித்தால் நாமும் இடித்தவர்களோடு சேர்ந்தவர்கள் ஆவோம் என்றும் சேர்த்துக்கொண்டேன். கொஞ்சம் அதிகம்தான். ஆனால் படிக்கட்டு திரும்பி வந்தது.

அதை மறுபடி ஏற்றிவிட்டு சார் சொன்னது: "அரைகுறையா இடிச்சுப்போட்டு ஹேண்ட் ஓவர் பண்ணீருக்கறானே, ஆரு அந்த காண்ட்ராக்டரு?"

மண்டியிட்ட முனிவர்

இதுவரை படித்துவிட்டு என்னை எல்லாம் தெரிந்தவள் என்று நினைக்கிறவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். கோபுரத்தின் அடி அறையில், மூலையில், இடுப்பளவில் ஓர் உருவம் தெரிந்தது. ஸ்கேனில் அந்த அறைக்கு நிறம் கிடையாது, வெறும் சாம்பல் புள்ளிகள். குனிந்த முதுகு, முன்னால் நீண்ட ஒரு கை. பழைய கல் சிற்பம், மண்டியிட்டு வேண்டுகிற துறவி என்று நான் முடிவு கட்டினேன். "எனக்கென்னவோ சாமான் மாதிரிக் கிடக்கு" என்ற சிவநேசன் அண்ணாவை, பார்க்கத் தெரியாதவர் என்று வாயடைத்தேன். மடிப்பு மடிப்பாக வரைந்து, அங்கி மடிப்புகளை வைத்துக் காலத்தை ஊகித்து, ஒரு பக்கக் குறிப்பும் எழுதி அனுப்பினேன்.

அந்த சர்ச்சின் பழுது வேலையைப் பார்க்கிற ஆர்க்கிடெக்ட் ஹெலன் என்ற பெண்மணி. எங்களுக்கு வேலை கொடுத்தவரும் அவர்தான். மறுநாள் அவரிடமிருந்து பதில் வந்தது: "அது எங்கள் வாக்குவம் க்ளீனர். பை மாற்ற வேண்டும் என்று நினைவூட்டியதற்கு நன்றி."

'வரைந்தவர்' கட்டம்

இரண்டு நாள் நான் யாரோடும் வாதாடவில்லை. மூன்றாம் நாள் வடக்குச் சுவர் வந்தது. தூண் வரிசைக்கு மேலே எழும்புகிற உயரமான சுவர் அது. கீழே நேராகக் கிளம்பி, உச்சியில் ஒரு சாண் வெளியே சாய்ந்திருந்தது. ஒரு காலத்தில் வெளிச்சம் வேண்டும் என்று கூரையை உயர்த்தி மேலே ஜன்னல் வரிசை வைத்திருக்கிறார்கள். அப்போது இரண்டு சுவரையும் சேர்த்துப் பிடித்திருந்த குறுக்கு உத்தரங்களை அறுத்துவிட்டார்கள். அறுத்த இடத்து முண்டுகள் புள்ளிகளில் தெரிந்தன. பிடி போனதும் கூரையின் பாரம் சுவரை வெளியே தள்ளியிருக்கிறது. கல் வரிசை ஒவ்வொன்றும் எவ்வளவு சாய்வு என்று அளந்து எழுதி வைத்தேன்.

சார் பார்த்துவிட்டு நிமிர்த்தச் சொன்னார். "சாஞ்ச சுவத்த வரைஞ்சு அனுப்புனா, வரைஞ்சவனுக்குக் கை கோணல்னுதான் சொல்லுவாங்க. இருபது வருஷமா 'வால் நாட் பிளம்ப், ரிவைஸ்'னு, செவுரு நேரா இல்ல திருத்துன்னு, எத்தன கமென்ட் வாங்கீருக்கறேன் தெரியுமா?" நான் முடியாது என்றேன். அவர் வாக்குவம் க்ளீனரை ஞாபகப்படுத்தினார். அது எனக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்தே சொன்னது. அன்றைக்கு நான் பார்த்தது என் கற்பனை, இன்றைக்குச் சொல்வது அளவு என்றேன். "அம்மிணி, உன்ற ஃபாரத்துல கையெழுத்துப் போடறது நாந்தான்" என்றார். அவர் மிரட்டுகிற ஆளே இல்லை. படிவம், குழு, இன்னொரு கோடை எல்லாம் கண் முன்னால் ஓடியது. ஆனாலும் வாய் நிற்கவில்லை: "அப்போ வரைபடத்துல 'வரைந்தவர்' கட்டத்துலேருந்து என் இனிஷியலை எடுத்துடுங்க, சார்."

எடுத்தார். அந்தக் கட்டத்தில் தன் இனிஷியலைப் போட்டார். சுவரை நேராக்கி அனுப்பினார். என் கோப்பை நான் அழிக்கவில்லை. சிவநேசன் அண்ணா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சுவர் சாயிறது எனக்குப் பயமில்லைத் தங்கச்சி. நீர் கொஞ்சமும் சாயாமல் நிக்கிறதுதான் பயமாக் கிடக்கு."

கேமராவுக்கு முன்னால்

ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை ஹெலன் வீடியோ காலில் வந்தார். சார் புதுச் சட்டை போட்டிருந்தார். ஹெலன் வரைபடத்தைத் திரையில் விரித்து ஒவ்வொரு சுவராகப் பார்த்தார். பிறகு, வடக்குச் சுவர் நேராக இருக்கிறதே என்றார். சார் பெருமையாகத் தலையாட்டினார். "சுவர் நேராக இருந்திருந்தால் நான் இந்த ஸ்கேனே எடுத்திருக்க மாட்டேனே?" என்று கேட்டார் ஹெலன். சாய்வு பழசா, இப்போதும் கூடிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கத்தான் இத்தனையும். முந்தைய அளவோடு ஒப்பிட்டுத்தான் முட்டுக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். இந்தப் படத்தை நம்பியிருந்தால் ஒன்றுமே செய்திருக்க மாட்டார்கள். நிஜமான அளவு இல்லையென்றால் வேலையை வேறு ஆபீஸுக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

எனக்கு வாதாட இதைவிட நல்ல இடம் கிடைத்ததே இல்லை. ஆனால் சாரின் காது சிவந்திருந்தது. பேச வந்ததை விழுங்கிவிட்டு, "இன்னொரு ஷீட் இருக்கு, சார். அதைக் காட்டட்டுமா?" என்று மட்டும் கேட்டேன். அவர் தலையாட்டினார். என் கோப்பு திறந்தது. ஹெலன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். அவரிடமிருந்த முந்தைய அளவும் இதுவும் ஏறக்குறைய ஒன்று. சாய்வு பழையது, சுவர் நின்றுவிட்டது, அவசரம் இல்லை. அவர் சிரித்தபடி திரையிலிருந்து மறைந்தார். வேலை எங்களிடமே இருந்தது.

சார் எழுந்து, கதவு வரை போய், திரும்பிப் பார்க்காமல் கேட்டார்: "கரக் டீ சொல்லட்டுமா, அம்மிணி?"

படிவம்

கடைசி நாள் படிவத்தை ஒட்டிய உறையில் தந்தார். நேரே குழுவிடம் கொடுக்க வேண்டும், பிரிக்கக்கூடாது. டீக்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். குழுவின் தலைவரான பேராசிரியர் பிரித்துப் படித்தார், புருவத்தைத் தூக்கினார், என் பக்கம் தாளைத் திருப்பினார். 'சொல்படி நடந்தாரா?' என்ற கேள்விக்கு எதிரே, கொட்டை எழுத்தில், நேர்கோட்டில், 'இல்லை.' வாயைத் திறந்தேன், விளக்க ஆரம்பித்தேன். பேராசிரியர் கையை உயர்த்தி, அதற்குக் கீழே பார் என்றார். அங்கே இன்னொரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் அவர் சிரித்துக்கொண்டே 'தேர்ச்சி' என்று கையெழுத்துப் போட்டார்.

முருகேசன் சார் எழுதியிருந்தது: "சொன்னதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கிளையன்டை இழந்திருப்பேன்."

மூன்று மாதத்தில் நான் கற்றது இவ்வளவுதான்: இங்கிலாந்துச் சுவரைச் சாய்ந்தபடி வரையவைக்க ஒரு சண்டை போதும், முருகேசன் சாரிடமிருந்து ஒரு பாராட்டை வரவழைக்க 'இல்லை' என்று எழுதவைக்க வேண்டும்.