தற்குறி என்ற சொல்

ஆரியசாலையில் ஒரு மிளகாய் மண்டியில் கணக்கெழுதிய அருமைநாயகத்துக்குக் கையெழுத்து அழகு, வாய்தான் மோசம். மூட்டையை யாராவது இடம் மாற்றி அடுக்கினால் உடனே "தற்குறி!" என்பார். வீட்டிலும் அதே பேச்சுதான். மனைவி ரத்னாபாய் பள்ளிக்கூடம் போனதில்லை. மீன்குழம்பில் உப்பு கூடினாலும் அவள் தற்குறி.

தொண்ணூறில் எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, பக்கத்து வீட்டுப் பிரேமா தன் வீட்டில் பெண்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தாள். ரத்னாபாயும் ஸ்லேட்டோடு போய்வந்தாள். ஒருநாள் அவள் கிளம்பும்போது அருமைநாயகம் வாசலில் நின்று, தெருவில் எல்லாருக்கும் கேட்கும்படி, "வழி விடுங்க, தற்குறி டிகிரி வாங்கப் போகுது" என்றார். கேட்டவர்கள் சிரித்தார்கள். ரத்னாபாய் திரும்பி உள்ளே போய்விட்டாள். அதோடு சரி, பிறகு அவள் போகவே இல்லை.

மண்டி வேலையிலிருந்து நின்றபின், 2002இல், இருவர் பேரிலும் கணக்குத் தொடங்க வங்கிக்குப் போனார்கள். ரத்னாபாய் பெருவிரலை மையில் வைத்து அழுத்திவிட்டு, விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள். அங்கே வந்திருந்த வலியசாலை பட்டாபியிடம், "பாத்தீரா, தற்குறி ஒப்பு போடுது" என்றார் அருமைநாயகம். பட்டாபி பத்திரம் எழுதிப் பிழைத்தவர். அவர் சிரிக்கவில்லை.

"அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமோ ஓய்? தன் குறி. எழுதத் தெரியாதவா ஒரு கீறல் போடுவா. பக்கத்துல 'இது இன்னாருடைய தற்குறி'ன்னு நாங்க எழுதுவோம். கையெழுத்துக்கு உண்டான மதிப்பு அதுக்கும் உண்டு. ஜனங்கதான் அதை வசவாக்கிட்டா."

வீட்டுக்கு வந்ததும் அருமைநாயகம் அதை மனைவியிடம் சொன்னார். சொன்னால் அவள் மனம் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தார்.

"அர்த்தம் எனக்கு என்னத்துக்கு? நீங்க சொன்ன விதம்தான் எனக்குத் தெரியும்" என்றாள் ரத்னாபாய்.

"இனி சொல்லமாட்டேன். எழுத நான் படிப்பிச்சுத் தாறேன்."

"உங்கக்கிட்டயா?" அவள் மீன் அரிய உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் பிரேமாவைத் தேடிப் போனார். ரத்னாபாய்க்கு அப்போது படிப்பு ஏறியதா என்று கேட்டார்.

"நல்லா வந்துச்சு மாமா. வராம நின்னாங்களே, அன்னைக்குத்தான் பேரெழுதச் சொல்லிக்கொடுக்கலாம்னு இருந்தேன்."

பிரேமா கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிப்போனது.