மச்சானின் கல்லில் என் பெயர்

ஓசூரில் தகரக் கொட்டகையில் ஒற்றை லேத்தோடு ஆரம்பித்தேன். பட்டறை, மாடி வீடு, ஊருக்கு ஒரு கல்யாண மண்டபம் என்று எல்லாம் நானே கட்டினேன். படிப்பு ஐந்தாவதோடு சரி.

என் தங்கை வீட்டுக்காரர் பட்டாளத்துக்காரர். ஓய்வு பெற்று மத்தூருக்கு வந்தவர் ஒன்றும் கட்டவில்லை. மகள்கள் இருவருக்கும் சடைதான் பின்னினார்.

"எல்லையில கத்துக்கிட்டதா மச்சான் இது?" என்பேன்.

"அங்க கூடாரத்துக்குக் கயிறு கட்டுனேன், இங்க ரிப்பன் கட்டறேன்" என்பார்.

பெரியவளின் காதுகுத்துக்குத் தாய்மாமனான என் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும். பட்டறையில் அவசர டெலிவரி, நான் போகவில்லை. உறவினர்கள் முணுமுணுக்க, அவரே மடியில் வைத்துக்கொண்டார். சின்னவளுக்கும் அதே டெலிவரி, அதே மடி.

போன மாதம் அவர் இறந்தார். அவர் நிலத்தில் நடும் நினைவுக் கல்லில் "மாமனாகவும் இருந்த அப்பா" என்று செதுக்கச் சொல்லியிருக்கிறார்கள் மகள்கள். என் பெயரையும் போடச் சொன்னேன்.

"உங்க பேரு எதுக்கு மாமா?" என்கிறாள் பெரியவள்.

நான் போயிருந்தால் அந்தப் பெருமை அவருக்கு எப்படிக் கிடைத்திருக்கும்? இடம் விட்டவன் நான். அவர் பெயருக்குக் கீழே போட்டாலும் சம்மதம். எழுத்து மட்டும் சின்னதாக இருக்கக் கூடாது.