ரெத்தாமாவை விரட்டிய மூன்று காலைகள்

சியரா மொரேனா மலையடிவாரத்தில், லின்க்ஸ் என்னும் காட்டுப்பூனைகளை வளர்த்துக் காட்டில் விடும் நிலையத்தில் ஃபுவென்சாந்தாவின் வேலை, அவற்றின் கண்ணில் படாமல் இருப்பது. சுவருக்குப் பின்னே நின்று சிறு கதவின் வழியே முயலை உள்ளே விடுவாள். பிறகு கேமராத் திரையின் முன் அமர்ந்துவிடுவாள். அங்கே பேச்சுக்கு இடமில்லை. கணவன் இறந்த பிறகு வீட்டிலும் அதற்கு இடமில்லாமல் போயிற்று.

சென்ற வசந்தத்தில் ஒரு தாய் லின்க்ஸ் தன் குட்டியை ஒதுக்கிவிட்டது. ரெத்தாமா என்று பெயரிடப்பட்ட அந்தக் குட்டிக்கு, முகத்தை மூடிக்கொண்டு, வாய் திறவாமல், புட்டிப்பால் கொடுத்தவள் ஃபுவென்சாந்தா. பின்னர் ரெத்தாமா பிற குட்டிகளோடு பெரிய அடைப்பில் வளர்ந்தது. முயலைத் துரத்திப் பிடிக்கவும் கற்றது. மனிதரைக் கண்டால் மற்றவற்றைப் போலவே புதருக்குள் மறைந்தது. ஃபுவென்சாந்தா வந்தால் மட்டும் வேலியோரம் ஓடி வந்தது. முகத்தை மூடலாம், வாசனையை மூட முடியுமா?

மனிதரை நாடி வரும் விலங்கு காட்டில் பிழைக்காது. காட்டில் விடுவதற்கு முன் வெள்ளிக்கிழமை நடக்கும் சோதனையில் அது வேலியருகே வந்தால், ஆயுள் முழுவதும் கூண்டுதான்.

நிலையத்தின் விலங்கு மருத்துவர் எலிசேயோ அவளை அழைத்தார். "அக்கா, நாங்க தட்டினா பயப்படுது. உங்ககிட்ட மட்டும் கொஞ்சிக்கிட்டு வருது. நீங்கதான் அடிக்கணும்."

"அதையா?"

"ஐயோ, வாணலியத்தான்! அந்தச் சத்தத்துல உங்களக் கண்டும் அது பயந்து ஓடணும்."

முயல் கூடையைச் சுமந்து வந்த சக ஊழியை காந்தேலா சிரித்தாள். "எங்க மாமியாரக் கூட்டிட்டு வரட்டுமா? அவங்க வாயத் தொறந்தா போதும், போர்த்துகல் வரைக்கும் ஓடும்."

ஃபுவென்சாந்தா சிரிக்கவில்லை. விரட்டாமல் விட்டால் ரெத்தாமா இங்கேயே இருக்கும். நாள்தோறும் அவளைத் தேடி வரும். அவளைத் தேடி வர இவ்வுலகில் வேறு யாரும் இல்லை.

மறுநாள் காலை, வாணலியோடும் தண்ணீர்க் குழாயோடும் சென்றாள். ரெத்தாமா ஓடி வந்து, காது நுனியின் கரிய மயிர்க்குஞ்சம் மடங்கும்படி வேலியில் தலையைத் தேய்த்தது. அவள் வெகுநேரம் அசையாமல் நின்றாள். பிறகு வாணலியை ஓங்கித் தட்டினாள். அது இரண்டடி பின்வாங்கி, விளையாட்டென்று எண்ணி, மீண்டும் வந்தது.

"போ! போய்த் தொலை, சனியனே! உன்னை யாரு இங்க கூப்பிட்டா?"

தன் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. குழாயைத் திருகி அதன் முகத்தில் தண்ணீரைப் பீய்ச்சினாள். ரெத்தாமா பல்லைக் காட்டிச் சீறிற்று. காதுகளைப் படியவைத்து ஓடி மறைந்தது.

அடுத்த நாள் அது தொலைவிலேயே நின்று அவளைப் பார்த்தது; அன்றும் விரட்டினாள். மூன்றாம் நாள் அதன் நிழலைக்கூடக் காணவில்லை. ஆயினும் புதரைப் பார்த்து வாணலியைத் தட்டிவிட்டே திரும்பினாள்.

வெள்ளியன்று வெறுங்கையோடு வேலியைச் சுற்றி நடந்தாள். வாக்கிடாக்கியில் எலிசேயோவின் குரல் துள்ளிற்று: "புதர விட்டு அசையவே இல்ல! நம்ம பொண்ணு பாஸ், அக்கா!"

அவள் மறுபடியும் முதலிலிருந்து நடக்கத் தொடங்கினாள்.

"அக்கா, முடிஞ்சுது. இன்னும் ஏன் சுத்துறீங்க?"

"சும்மாதான், ஒரு தடவை உறுதி பண்ணிக்கிறேன்."

இம்முறை மெதுவாகவே நடந்தாள். ரெத்தாமா வழக்கமாகத் தலையைத் தேய்க்கும் இடத்தில் சற்று நின்றாள். எதுவும் வரவில்லை.

"சரி, காட்டுக்குக் கொண்டுபோற பெட்டிய எடுத்து வைங்க," என்று எலிசேயோவிடம் சொல்லிவிட்டு, மற்ற அடைப்புகளுக்கு முயல் கொண்டுபோகச் சென்றாள்.