பறவைகள் ஊரில் தலைதீபாவளி

தலைதீபாவளிக்கு மாமியார் வீடு போகிற மாப்பிள்ளையோடு தங்கச்சியையும் ஒட்டி அனுப்புகிற கூத்து எங்காவது உண்டா? திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டில் நடந்தது. நான் போட்ட கூப்பாடு அப்படி. எட்டு வயது எனக்கு. ஒரு கையில் புதுப்பாவாடையும் மறுகையில் அண்ணன் வாங்கித் தந்த பட்டாசுப் பையுமாக, முதல்நாளே அண்ணன் அண்ணியோடு பஸ் ஏறிவிட்டேன்.

அண்ணியின் ஊர் திருமயத்தையும் தாண்டிப் போகவேண்டும். ஊரை ஒட்டிய கண்மாய்தான் பறவைகள் சரணாலயம். விடிந்ததும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் பட்டாசுப் பையோடு கரைக்கு ஓடினேன். தண்ணீருக்குள் நின்ற மரங்களில் இலையே தெரியவில்லை, அத்தனை நாரை, அத்தனை கொக்கு. அம்மாடி, என்ன இரைச்சல்! குஞ்சுக்கு இரை ஊட்டுவதை வாயைப் பிளந்து பார்த்தேன். பார்த்தவள் சும்மா இருந்தேனா? பையிலிருந்து சரவெடியை எடுத்தேன்.

"ஐயையோ, கொளுத்திராத ஆத்தா! குஞ்சும் முட்டையுமா ஒக்காந்திருக்குதுக" என்று ஓடிவந்து கையைப் பிடித்தார் அண்ணியின் அப்பா. எனக்கும் அவர் மாமாதான். பறவைகள் மிரண்டு போய்விடும் என்று அந்த ஊரில் தலைமுறையாக யாரும் வெடி வெடிப்பதில்லை, தீபாவளிக்குக்கூட. அண்ணி முன்பே சொன்னாராம். புதுப்பெண்டாட்டி விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று அண்ணன் நினைத்தானாம்.

வீட்டுக்கு வந்து நான் தரையில் புரண்டு அழுதேன். அண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மாமனார்தான் மாப்பிள்ளைக்கு வெடி வாங்கித் தருவது முறை. இங்கே என்னடாவென்றால் கொண்டுவந்ததையே பிடுங்குகிறார்கள்! "என் தங்கச்சிய அழவச்ச வீட்டுல எனக்கென்ன விருந்து? அடுத்த பஸ்ஸுக்குக் கெளம்புறோம்" என்று சட்டையை மாட்டினான். அடுப்பில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை கை நனைக்காமல் போனால் அந்தக் குடும்பம் ஊரில் எப்படித் தலைநிமிரும்? அண்ணி கதவோரம் நின்று அழுதார். அவரும் வெடிக்குத்தான் அழுகிறார் என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மாமா கோபப்படவில்லை. தன் சரக்கு வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"மாப்பிள்ள, ஏறுங்க. திருமயம் போவோம். புள்ள அங்க ஆச தீர வெடிக்கட்டும். அப்புறமா வந்து சாப்புடுவோம்."

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஏறினான். அண்ணியும் நானும் பின்னால் ஏறிக்கொண்டோம். திருமயத்தில் முதலில் எங்களைக் கோட்டைக்குக் கூட்டிப்போனார் மாமா. மேலே ராஜா காலத்துப் பீரங்கி. "இது வெடிச்சிருக்கா மாமா?" என்று கேட்டேன்.

"வெடிக்காமயா? அன்னைக்கு நம்ம பறவைக எங்கிட்டுப் போயி ஒதுங்குச்சுகளோ, பாவம்" என்றார். இந்த மனிதருக்கு வேறு நினைப்பே கிடையாதா என்பதுபோல அண்ணன் அவரைப் பார்த்தான்.

கீழே இறங்கி, ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் பையைப் பிரித்தோம். நான் கொளுத்தித் தள்ளினேன். மாமா வண்டிக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். விடுவேனா? "மாமனாரு ஒண்ணாச்சும் வெடிக்கணும், அதான் முறை" என்று ஊதுபத்தியை அவர் கையில் திணித்தேன்.

அவர் அண்ணியைப் பார்த்தார். ஒரு வெடியின் பக்கத்தில் குனிந்தார். திரியில் வைத்ததுதான் தாமதம், வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார் பாருங்கள், ஓட்டமா அது! அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்த வேகத்தில் கோபமும் போய்விட்டது. "வாங்க மாமா, பசிக்குது" என்று அவர் தோளில் கைபோட்டான். அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த அண்ணிதான், பின்னாளில் அம்மா படுத்த படுக்கையானபோது எனக்குத் தலை பின்னிவிட்டு, சோறு கட்டிக்கொடுத்து, காலேஜ் வரை படிக்கவைத்தார். நேரில் நன்றி சொன்னால் திட்டுவார். அதனால் இங்கே சொல்லிக்கொள்கிறேன். மாமாவுக்கும் சேர்த்துத்தான்.

அன்று விருந்துப் பந்தியில் உட்கார்ந்து, மாமா ஒரு பயந்தாங்கொள்ளி என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"ஆமா ஆத்தா, ரொம்பப் பயந்துட்டேன்" என்று சொல்லி அவர், என் அண்ணன் இலையில் இன்னும் கொஞ்சம் கறியை அள்ளி வைத்தார். வெடிக்குத்தான் பயந்தார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.